25க்கு எத்தனை?

2021 மே மாதத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் எல்லோரும் மார்க் பேசினார்கள். "அப்பாவுக்கு 25க்கு 12." "மாமாவுக்கு 18 ஆம், ஆக்சிஜன் படுக்கை தேடிட்டிருக்காங்க." ஸ்கேன் சென்டர் வாசலில் காத்திருந்து வாங்கிய அறிக்கையைப் பிரித்ததும் கண் நேராகக் கடைசி வரிக்குப் போகும். சி.டி. ஸ்கோர் என்ன? அடுத்த நிமிடமே அந்த எண் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிடும். கொரோனாவின் இரண்டாம் அலை, நுரையீரல் அழற்சிக்கு மதிப்பெண் போடலாம் என்ற செய்தியை ஊர் முழுக்கக் கொண்டுசேர்த்தது. அந்த மதிப்பெண் எதற்குப் போடப்படுகிறது என்ற விவரம் மட்டும் கூடவே வரவில்லை.

கணக்கு எளிமையானதுதான். நுரையீரலுக்கு ஐந்து மடல்கள்: வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு. படத்தில் ஒவ்வொரு மடலிலும் எவ்வளவு இடம் வெளுத்திருக்கிறது என்று கதிரியக்க மருத்துவர் கண்ணால் மதிப்பிடுவார். வெளுப்பே இல்லை என்றால் 0, 5 சதவீதத்துக்குக் குறைவு என்றால் 1, அதிலிருந்து 25 வரை 2, பாதி வரை 3, முக்கால் வரை 4, அதற்கு மேல் 5. ஐந்து மடல், மடலுக்கு 5, ஆக மொத்தம் 25.

இப்போது இரண்டு நோயாளிகளைக் கற்பனை செய்துகொள்ளலாம். முதலாமவருக்கு ஐந்து மடல்களிலும் ஆங்காங்கே திட்டுகள், மடலுக்கு 7 சதவீதம். ஒவ்வொன்றுக்கும் 2 வீதம் அவருடைய ஸ்கோர் 10. இரண்டாமவருக்கு மேல் மடல்களும் நடுமடலும் சுத்தம். கீழ் மடல்கள் இரண்டும் முழுதாக அடைத்துவிட்டன. 5, 5 கூட்டினால் அவருக்கும் 10தான். முதலாமவர் இழந்தது நுரையீரலில் 7 சதவீதம். இரண்டாமவர் இழந்தது ஏறத்தாழப் பாதி. வலப்பக்கத்தின் சின்னஞ்சிறு நடுமடலுக்கும் பெரிய கீழ் மடலுக்கும் ஒரே மதிப்பெண் கொடுக்கும் முறையில் இது தவிர்க்க முடியாதது.

படம் எடுத்த நாளும் கணக்கைப் புரட்டிப்போடும். 2020 தொடக்கத்தில் வூஹான் மருத்துவர்கள் ஒரே நோயாளிகளைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து பார்த்தபோது, அறிகுறி தோன்றிச் சுமார் பத்தாவது நாளில்தான் வெளுப்பு உச்சத்தைத் தொட்டது. நான்காம் நாளில் எடுத்த 6 என்ற ஸ்கோர் நிம்மதி தரவேண்டிய எண்ணா, ஏறிக்கொண்டிருக்கும் எண்ணா என்பதை அந்த ஒரு படம் சொல்லாது. அவசரக் காலத்தில் யாருக்கு முதலில் கவனம் என்று பிரித்துப் பார்க்க இந்த ஸ்கோர் உதவியது உண்மை. அந்த வேலைக்கு அது போதும். அழற்சியை அளந்ததா என்று கேட்டால், இல்லை என்பதே நேர்மையான பதில்.

அழற்சி என்பது உடல் மும்முரமாகச் செய்யும் ஒரு வேலை. ஒருவரின் நுரையீரலில் 30 முதல் 50 கோடி வரை காற்றறைகள் இருக்கின்றன. ஒன்றுக்குள் கிருமி நுழைந்ததும் அங்கே காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் வேதிச் செய்திகளை வெளியிடுகின்றன. பக்கத்திலிருக்கும் ரத்த நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து நீரும் புரதமும் கசியத் தொடங்குகின்றன. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் முதலில் வந்து சேர்கின்றன. நுரையீரலின் நுண்குழாய்கள் பலவற்றின் உள்விட்டம் ஒரு நியூட்ரோஃபிலின் விட்டத்தைவிடக் குறைவு. சாதாரண நாளிலேயே அவை உடலை நெளித்துத்தான் அந்தக் குழாய்களைக் கடக்கின்றன. அதனால் நுரையீரலில் எப்போதும் ஒரு பெருங்கூட்டம் தயாராகத் தங்கியிருக்கிறது. அழைப்பு வந்ததும் அவை சுவரைக் கடந்து காற்றறைக்குள் இறங்கி, கிருமியை விழுங்கி, ஆக்சிஜனிலிருந்து நச்சு மூலக்கூறுகளைத் தயாரித்துக் கொல்கின்றன. சண்டையில் கிருமியும் சாகும், அக்கம்பக்கத்துத் திசுவும் சேதப்படும்.

இந்த வேலையை நேரடியாக அளக்க ஒரு பழைய வழி உண்டு. மூச்சுக்குழாய்க்குள் பிராங்கோஸ்கோப் குழாயை இறக்கி, உப்புநீரைச் செலுத்தி, திரும்ப உறிஞ்சி, அதில் வந்த செல்களை எண்ணுவது. புகைபிடிக்காத, நலமான ஒருவரின் கழுவுநீரில் நியூட்ரோஃபில்கள் 3 சதவீதத்துக்குள் இருக்கும். நம்பகமான முறைதான். ஆனால் கழுவிய கிளையைப் பற்றி மட்டுமே அது பேசும். மூச்சுவிடத் திணறும் நோயாளியிடம் தினமும் செய்யவும் முடியாது. நுரையீரல் முழுவதையும் தொடாமலே பார்க்க வேண்டும் என்றால் படம்தான் ஒரே கதி.

படத்தின் கதை 1895 நவம்பர் 8-ல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில், வில்ஹெல்ம் ரான்ட்ஜனின் ஆய்வகத்தில் தொடங்குகிறது. எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே மருத்துவர்கள் மார்புப் படத்தைப் படிக்கப் பழகிவிட்டார்கள். காற்று கறுப்பு, நீரும் எலும்பும் வெளுப்பு. காசநோய்க் காலத்தில் மார்பு எக்ஸ்-ரேதான் தீர்ப்பு எழுதியது. அந்தத் தீர்ப்பு எவ்வளவு உறுதியானது என்று 1940களில் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். அசல் நோக்கம் வேறு: எந்த அளவு ஃபிலிமில் எடுத்தால் காசநோய் நன்றாகத் தெரிகிறது என்று ஒப்பிடுவது. 1,200க்கும் மேற்பட்டவர்களின் படங்களை ஐந்து வல்லுநர்களிடம் கொடுத்தார்கள். ஃபிலிம்களுக்கு இடையிலிருந்த வித்தியாசத்தைவிட வல்லுநர்களுக்கு இடையிலிருந்த வித்தியாசம் பெரிதாக வந்து நின்றது. ஒருவர் நோய் என்று சொன்ன படங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றை இன்னொருவர் மறுத்தார். அதைவிட மோசம், அதே மருத்துவரிடம் அதே படத்தைக் கொஞ்ச நாள் கழித்துக் கொடுத்தபோது, முன்பு தாமே நோய் என்று சொன்னதில் ஐந்தில் ஒன்றை அவரே மாற்றிச் சொன்னார். ஜேக்கப் யெருஷால்மி என்ற புள்ளியியலாளர் இதை வெளியிட்டபோது மருத்துவ உலகம் சங்கடப்பட்டது. கண் நல்ல கருவி, ஆனால் அதில் அளவுக்கோடுகள் இல்லை.

அளவுக்கோடு வந்தது 1971-ல். இசைத்தட்டு வெளியிட்டுப் புகழ்பெற்ற இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. ஸ்கேனரில், அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாகப் படமெடுக்கப்பட்டது. அந்தக் கருவி தந்த படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். இன்றைய அளவுகோலில் தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000. அந்த அலகுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர்தான். 1979-ல் ஆலன் கார்மாக்குடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மூளையைவிட நுரையீரலுக்குத்தான் இந்த அளவுகோல் கச்சிதமாகப் பொருந்தியது. நுரையீரல் பெரும்பாலும் காற்றும், தண்ணீரை ஒத்த அடர்த்தியுள்ள திசுவும் ரத்தமும் கலந்த கலவை. ஒரு புள்ளி கழித்தல் 800 என்று காட்டினால் அங்கே 80 சதவீதம் காற்று, 20 சதவீதம் திசுவும் ரத்தமும். எல்லாப் புள்ளிகளையும் கூட்டினால் உயிரோடிருக்கும் ஒருவரின் நுரையீரல் எடையையே சொல்லிவிடலாம். நலமான பெரியவருக்கு ரத்தத்தோடு சேர்த்து ஒரு கிலோவை ஒட்டி வரும். கடுமையான அழற்சியில் நீர் கோத்து ஒன்றரைக் கிலோவையும் தாண்டும்.

இந்தக் கணக்கை வைத்து மிலான் நகரின் தீவிர சிகிச்சை மருத்துவர் லூசியானோ கட்டினோனி 1980களில் ஒரு பெரிய தவறான எண்ணத்தை உடைத்தார். தீவிர மூச்சுத்திணறல் நோய்க்குறி என்று ஒன்று உண்டு. நிமோனியா, ரத்தத்தில் நச்சு, விபத்து என எதனால் வந்தாலும் இரண்டு நுரையீரல்களும் எக்ஸ்-ரேயில் ஒரே சீராக வெளுத்துக் கிடக்கும். முழு நுரையீரலும் விறைத்துவிட்டது என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். சி.டி. காட்டியது வேறு. மல்லாந்து படுத்திருக்கும் நோயாளியின் முதுகுப்பக்கம் மூழ்கிக் கிடந்தது. மார்புப்பக்கம் காற்றோட்டத்தோடு திறந்திருந்தது. மூச்சுக்கு மிஞ்சிய அந்தப் பகுதி ஐந்தாறு வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவுக்குத்தான் இருந்தது. அவர் அதற்குக் குழந்தை நுரையீரல் என்றே பெயர் வைத்தார். குழந்தை அளவு நுரையீரலுக்குள் பெரியவர் அளவு மூச்சை வென்டிலேட்டர் திணித்தால் என்ன ஆகும்? 2000-ல் வெளியான அமெரிக்க ஆய்வு 861 நோயாளிகளிடம் இதைச் சோதித்தது. உடல் எடைக் கணக்கில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் மூச்சு கொடுத்தவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லிலிட்டர் கொடுத்தவர்களில் 31 சதவீதம். புதிய மருந்து எதுவும் கொடுக்காமல், மூச்சின் அளவைப் பாதியாகக் குறைத்ததற்குக் கிடைத்த பலன் இது.

சி.டி.யின் சாதனை இவ்வளவு பெரிது என்றாலும், அது பார்ப்பது அழற்சியின் விளைவைத்தான். சென்னையில் மழை விட்ட பிறகும் தெருவில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கிறதே, அதைப் போட்டோ எடுத்து இன்னும் மழை பெய்கிறது என்று சொல்ல முடியுமா? நிமோனியா குணமாகி, காய்ச்சல் போய், நோயாளி வேலைக்குத் திரும்பிய பிறகும் படத்தில் வெளுப்பு வாரக்கணக்கில் இருக்கும்; வயதானவர்களுக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: வெள்ளணுக்கள் கூடிவிட்டன, கசிவு இன்னும் தொடங்கவில்லை, அந்த நேரத்தில் படம் சுத்தமாகத் தெரியும்.

விளைவை விட்டுவிட்டு வேலையையே பார்க்க ஒரு வழி வேண்டும். அது சர்க்கரையின் மூலம் வந்தது.

நியூட்ரோஃபில்கள் ஆற்றலுக்குப் பெரும்பாலும் குளுக்கோஸை நம்பி வாழ்பவை. சண்டைக்கு இறங்கியதும் அதை வாரி விழுங்குகின்றன. கிருமியைக் கொல்லும் நச்சைத் தயாரிப்பதற்கும் குளுக்கோஸ்தான் மூலதனம். குளுக்கோஸ் மூலக்கூறில் ஓர் இடத்திலிருக்கும் ஆக்சிஜன் குழுவை எடுத்துவிட்டு ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைப் பொருத்தினால் கிடைப்பது எஃப்.டி.ஜி. செல் இதை அசல் குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுக்கிறது. முதல் வேதிப்படியைக் கடத்துகிறது. இரண்டாம் படியில்தான் சரக்கு போலி என்று தெரிகிறது. அதற்குள் வெளியே போகவும் வழியில்லை, மூலக்கூறு செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. ஃப்ளோரின்-18 சிதையும்போது பாசிட்ரானை வெளிவிடும். அது பக்கத்து எலக்ட்ரானோடு மோதி இரண்டுமே அழிய, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்கள் பாயும். நோயாளியைச் சுற்றியிருக்கும் வளையத்தில் இரண்டு கதிரும் ஒரே நேரத்தில் பதிவானால், அவற்றை இணைக்கும் கோட்டில்தான் அந்த அணு இருந்தது. இப்படிக் கோடிக்கணக்கான கோடுகளைச் சேர்த்து வரைவதுதான் பெட் ஸ்கேன்.

ஃப்ளோரின்-18-ன் அரை ஆயுள் 110 நிமிடம். ஆகவே எஃப்.டி.ஜி.யின் வரலாறே ஓர் ஓட்டப்பந்தயத்தில் ஆரம்பிக்கிறது. 1976 ஆகஸ்டில் நியூயார்க் அருகே ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் டாட்சுவோ இடோவும் அவரது குழுவினரும் தயாரித்த மருந்து சிறு விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குப் பறந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அபாஸ் அலவி அதைக் கொண்டு மனித மூளையை முதன்முதலாகப் படமெடுத்தார். பிறகு புற்றுநோய் மருத்துவம் அதைத் தத்தெடுத்துக்கொண்டது. புற்றுச் செல்களும் குளுக்கோஸ் பெருந்தீனிக்காரர்கள் என்பதை ஆட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டிருந்தார். இன்று நம் ஊர்களில் பெட் ஸ்கேன் என்றாலே புற்றுநோய் என்று மனம் பதறுவது அதனால்தான்.

புற்றுநோய் மருத்துவர்களுக்கு அழற்சி ஒரு தொந்தரவு. புற்றைத் தேடும் படத்தில் பழைய நிமோனியாவும் ஒளிர்ந்து குழப்பும். லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஹேசல் ஜோன்ஸும் அவரது சகாக்களும் அந்தத் தொந்தரவையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார்கள். ஒளிர்வது எந்தச் செல்? முயல்களுக்கு நிமோனியாவை உண்டாக்கி, கதிரியக்கக் குளுக்கோஸைச் செலுத்தி, திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். மூலக்கூறு குவிந்து கிடந்தது நியூட்ரோஃபில்களுக்குள். 1994-ல் இது வெளியானது.

அடுத்து அவர்கள் செய்த சோதனையில்தான் சுவாரசியமே இருக்கிறது. ஒரு பக்கம் கடும் நிமோனியா நோயாளிகள். இன்னொரு பக்கம் பிராங்கியெக்டாசிஸ் நோயாளிகள், அதாவது மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து, ஆண்டுக்கணக்கில் சீழ்ச்சளி சேர்ந்துகொண்டிருப்பவர்கள். இருவருக்கும் இரண்டு சோதனை. நோயாளியின் வெள்ளணுக்களையே எடுத்து, இண்டியம்-111 பூசித் திரும்பச் செலுத்தினால், எத்தனை செல்கள் நுரையீரலுக்குள் இறங்குகின்றன என்று தெரியும். எஃப்.டி.ஜி. செலுத்தினால் இறங்கிய செல்கள் எவ்வளவு தீவிரமாக வேலை செய்கின்றன என்று தெரியும். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். 1997-ல் வெளியான முடிவு நேர்மாறு. நிமோனியாவில் எஃப்.டி.ஜி. பளபளத்தது, புதிதாக இறங்கும் செல்கள் குறைவு. பிராங்கியெக்டாசிஸில் செல்கள் வரிசையாக இறங்கிக்கொண்டே இருந்தன, எஃப்.டி.ஜி. மங்கலாக இருந்தது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதும் வந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் வெவ்வேறு அளவுகள். அழற்சி அதிகமா குறைவா என்ற ஒற்றைக் கேள்விக்கு ஒற்றை எண் கிடையாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை அரிது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டெல்ஃபின் சென், டேனியல் ஷூஸ்டர் குழு இன்னும் துணிச்சலாக இறங்கியது. நலமான தன்னார்வலர்களின் நுரையீரலில் ஒரு சிறு பகுதிக்குள் மட்டும், பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்த எண்டோடாக்சினைத் துளியளவு விட்டார்கள். எடைக்குக் கிலோவுக்கு 4 நானோகிராம். மறுநாள் பெட் ஸ்கேனில் அந்தப் பகுதியின் குளுக்கோஸ் உறிஞ்சல் உயர்ந்திருந்தது. இதன் பயன் மருந்துச் சோதனையில். அழற்சியைத் தணிக்கும் என்று நம்பப்படும் மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, ஒளிர்வு குறைகிறதா என்று சில பேரிடமே பார்த்துவிடலாம். கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டினை இப்படிச் சோதித்தபோது உறிஞ்சல் குறைந்தது.

கட்டினோனியின் குழந்தை நுரையீரலுக்கும் ஒரு மறுவாசிப்பு கிடைத்தது. இத்தாலியின் மோன்சா நகரில் ஜாகொமோ பெல்லானி குழு, வென்டிலேட்டரில் இருந்த பத்து நோயாளிகளைப் பெட்-சி.டி. கருவிக்குக் கொண்டுபோனது. தீவிர சிகிச்சை நோயாளியை இத்தனை குழாய்களோடு ஸ்கேன் அறைக்கு நகர்த்துவது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்த வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும். சி.டி.யில் நல்ல காற்றோட்டத்தோடு, நலமாகத் தெரிந்த பகுதிகளும் பெட்டில் ஒளிர்ந்தன. 2009-ல் வெளியான இந்த ஆய்வு சொன்னது: படத்தில் தப்பித்தது போலத் தோன்றும் பகுதியும் அழற்சியில்தான் இருக்கிறது, வென்டிலேட்டரின் ஒவ்வொரு மூச்சையும் அந்தப் பகுதிதான் தாங்குகிறது.

ஒளிர்வை எண்ணாக்குவதில் சிக்கல்கள் வரிசைகட்டி நிற்கின்றன. வழக்கமான அளவீடு ஒரு விகிதம்: செலுத்திய மருந்து உடல் முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் ஓரிடத்தில் எவ்வளவு இருக்குமோ, அதைப்போல எத்தனை மடங்கு அங்கே இருக்கிறது. ஈரலுக்கோ தசைக்கோ இந்த விகிதம் சரி. நுரையீரலில் ஒரு கனசென்டிமீட்டரில் முக்கால்வாசி காற்று. காற்று சர்க்கரை சாப்பிடாது. ஆகவே உண்மையான திசுவின் உறிஞ்சல் நான்கில் ஒரு பங்காக நீர்த்துத் தெரியும். அழற்சியில் காற்று வெளியேறித் திசு நெருங்கினால், ஒரு செல்கூட அதிகமாக வேலை செய்யாதபோதும் எண் ஏறும். எனவே காற்றைக் கழித்து சி.டி. தரும் திசுவின் பங்கால் பெட் எண்ணை வகுக்க வேண்டும். ஒரே படுக்கையில் இரண்டும் எடுக்கும் கருவியை டேவிட் டவுன்செண்டும் ரான் நட்டும் உருவாக்கியதால் இது சாத்தியமாயிற்று, ஆனால் சி.டி. ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடும், பெட் பல நிமிடம் ஓடும், இடையில் நுரையீரல் மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் மிதக்கும் மருந்தையும் கழிக்க வேண்டும். நோயாளிக்குச் சர்க்கரை நோய் இருந்தால் ரத்தக் குளுக்கோஸ் போட்டிக்கு வரும். பட்டினி கிடந்து வரச் சொல்வது இதற்காகத்தான்.

இந்தத் திருத்தங்கள் வெறும் நுணுக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நுரையீரல் தழும்பு நோயாளிகளை ஆராய்ந்தவர்கள் காற்றைக் கழித்துக் கணக்கிட்டபோது, சி.டி.யில் நலமாகத் தெரிந்த இடங்களிலும் உறிஞ்சல் உயர்ந்திருப்பது வெளிப்பட்டது. கழிக்காமல் விட்டிருந்தால் அந்த இடங்கள் நலம் என்றே பதிவாகியிருக்கும்.

காசநோய் விஷயத்தில் இந்த எண்கள் இன்னும் சங்கடமான கதையைச் சொல்கின்றன, அது இந்திய வாசகர்களுக்கு நெருக்கமான கதை. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பகுதியில் ஆறு மாத மருந்தை முடித்த காசநோயாளிகளைப் பெட்-சி.டி.யில் பார்த்து 2016-ல் ஓர் ஆய்வு வெளியானது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை; மருத்துவக் கணக்கில் குணம். ஆனால் கணிசமானவர்களின் நுரையீரல் ஒளிர்ந்துகொண்டுதான் இருந்தது; சிலருக்குப் புதிய இடங்களிலும். அவர்களில் பலருக்கு நோய் திரும்பவே இல்லை. மருந்து கிருமியை முழுதாக அழிக்காவிட்டாலும், மிச்சத்தை உடலின் எதிர்ப்புச் சக்தி கட்டுக்குள் வைத்திருக்கிறது என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள். அப்படியானால் ஒளிர்வு ஆபத்தா, பாதுகாப்பா? பெட் படத்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

காசநோய் பரவலாக உள்ள நாட்டில் இதற்கு அன்றாட விளைவு ஒன்றும் உண்டு. நுரையீரலில் ஒளிரும் கட்டி என்றதும் ஐரோப்பிய மருத்துவருக்கு முதலில் புற்றுநோய் நினைவுக்கு வரும். இங்கே அது காசநோய்க் கட்டியாகவும் இருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம், சார்காய்டோசிஸ் என்னும் அழற்சி நோயாகவும் இருக்கலாம். எல்லாமே சர்க்கரை சாப்பிடும். ஊசி வைத்துத் திசுவை எடுத்துப் பார்க்காமல் பெட் எண்ணை மட்டும் நம்பிப் புற்றுநோய் என்று முடிவுகட்டுவது இங்கே பெரும்பிழை.

விலையுயர்ந்த கருவிகளைப் பற்றிப் பேசும்போது 1895-ன் கண்டுபிடிப்பை மட்டமாக நினைக்க வேண்டாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பை முன்னின்று நடத்தியது சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அறிகுறி இருக்கிறதா என்று கேட்பதோடு எல்லோருக்கும் மார்பு எக்ஸ்-ரேயும் எடுத்தார்கள். எக்ஸ்-ரே மட்டும் இல்லாதிருந்தால், கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் தப்பிப்போயிருப்பார்கள். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, படத்தில் மட்டும் நிழல். அளக்கும் கருவியாக எக்ஸ்-ரே சுமார்தான். கண்டுபிடிக்கும் கருவியாக அதற்கு இணை இன்னும் வரவில்லை.

ஆய்வகங்களில் எஃப்.டி.ஜி.க்கு அடுத்த தலைமுறைச் சுவடுகாட்டிகள் தயாராகின்றன. எல்லாச் செல்லும் சாப்பிடும் சர்க்கரையை விட்டுவிட்டு, அழற்சியில் மட்டும் தலைதூக்கும் புரதங்களைக் குறிவைப்பது இவற்றின் உத்தி. நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் ஒரு நொதியில் ஒட்டிக்கொள்ளும் சுவடுகாட்டியைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் இ-சிகரெட் பிடிப்பவர்கள், சாதாரண சிகரெட் பிடிப்பவர்கள், இரண்டும் பிடிக்காதவர்கள் என மூன்று குழுக்களிடம் ஒப்பிட்டு 2023-ல் வெளியிட்டார்கள். எஃப்.டி.ஜி.யில் மூவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. புதிய சுவடுகாட்டியில் இ-சிகரெட்காரர்களின் நுரையீரல்தான் அதிகம் ஒளிர்ந்தது. குழுவுக்கு ஐந்து பேர் மட்டுமே கொண்ட முன்னோட்டம் இது. இதை வைத்துச் சிகரெட்டுக்கு நற்சான்று எழுதுவது அபத்தம். ஒரு கருவியில் தெரியாதது இன்னொன்றில் தெரியும் என்பதற்கு மட்டும் நல்ல சான்று.

கதிரே இல்லாத வழியும் உண்டு. செனான்-129 வாயுவை லேசர் உதவியால் காந்தமேற்றி, ஒரு மூச்சு உறிஞ்சச் சொல்லி, எம்.ஆர்.ஐ. எடுப்பது. காற்றறையிலிருந்து ரத்தத்துக்குள் வாயு எவ்வளவு கடக்கிறது என்பதை இது இடம்வாரியாகக் காட்டும். ஷெஃபீல்ட், ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள், கொரோனா வந்துபோய் மாதங்களாகியும் மூச்சு வாங்குகிறது என்று சொன்னவர்களை இதில் பார்த்தார்கள். சி.டி.யில் பழுதில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட சிலருக்கு வாயு கடப்பது குறைந்திருந்தது. எல்லாம் மனப்பிரமை என்று வீட்டிலும் வெளியிலும் கேட்டு நொந்தவர்களுக்கு அந்தப் படம் ஒரு சாட்சி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022 டிசம்பரில் செனான் எம்.ஆர்.ஐ.க்கு, நுரையீரலின் காற்றோட்டத்தைப் பார்க்க மட்டும், அனுமதி அளித்தது. இது அளப்பது நுரையீரலின் வேலைத்திறனை, அழற்சியை அல்ல.

கதிரின் அளவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2021 மே 3 அன்று டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரன்தீப் குலேரியா, ஒரு சி.டி. ஸ்கேன் 300 முதல் 400 மார்பு எக்ஸ்-ரேக்களுக்குச் சமம் என்றார். கதிரியக்க மருத்துவர்களின் சங்கம் உடனே மறுத்தது. அது பழைய காலத்துக் கணக்கு என்றது. வகுத்துப் பார்த்தால் தகராறின் வேர் தெரியும். முழு அளவுக் கதிரில் எடுக்கும் மார்பு சி.டி.க்குச் சுமார் 6, 7 மில்லிசீவர்ட். நேர்முக எக்ஸ்-ரே ஒன்றுக்கு 0.02. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 300ஐ ஒட்டி வரும். பக்கவாட்டுப் படமும் சேர்ந்த எக்ஸ்-ரேக்கு 0.1 என்றும், குறைந்த கதிரில் எடுக்கும் சி.டி.க்கு 1.5 என்றும் வைத்தால் விடை 15தான். இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்துசேருகிறது. எஃப்.டி.ஜி. ஊசி இதன்மேல் 7ஐக் கூட்டும். தேவைப்படும்போது எடுத்தே ஆக வேண்டும். ஸ்கோர் இறங்கியதா என்ற ஆவலுக்காக மூன்று நாளுக்கொருமுறை எடுக்கக் கூடாது.

சாதாரண நிமோனியாவுக்கு யாருக்கும் பெட் ஸ்கேன் தேவையில்லை. டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டிய பொருள் அல்ல அது. வீட்டில் செய்யக்கூடியது வேறொன்று. நுரையீரல் படம் எதுவானாலும், தனியாக ஒன்றைவிட முந்தையதோடு ஒப்பிடும்போதுதான் அதிகம் பேசுகிறது. அறிக்கைத் தாளை மட்டும் பத்திரப்படுத்திவிட்டுப் படத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஸ்கேன் சென்டரில் தரும், படங்கள் பதிந்த குறுந்தட்டைத் தேதி எழுதி எடுத்துவையுங்கள். அடுத்த முறை படமெடுக்கப் போகும்போது அதையும் கையோடு கொண்டுபோய்க் கதிரியக்க மருத்துவரிடம் கொடுங்கள்.